கார் இருக்கு... பேப்பர் இருக்கா?

பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷமாச்சு மாமாவுக்கு. அவரோட ஆல்ட்டோ எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. கே.ஏ. நம்பர். தமிழ்நாட்டு வரி கட்டலை. இன்ஷூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசம். வீடு மாத்தினதுல ஆர்.சி.யும் காணோம்!

"மச்சி, ஈ.சி.ஆர். ஒரு ரவுண்டு போலாம்டா. மாட்டினா ஃபைன்தானே?" - இது என் நண்பர்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினா, 2019 சட்டத் திருத்தப்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். மூணு மாசம் வரை ஜெயிலும் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், தேர்டு பார்ட்டி பாலிஸி நமக்காக இல்லை. ரோட்டுல போற அடுத்தவருக்காக. ஒருத்தர் மேல மோதிட்டா, அவர் குடும்பத்துக்கான நஷ்டஈட்டை மாமா சொத்தை வித்துத்தான் கட்டணும். 'வண்டி வெளிய வராது'ன்னு சொல்லிட்டேன்.

முதல் வேலை, இன்ஷூரன்ஸ். அடுத்து, ஆர்.சி. தொலைஞ்சதா போலீஸ்ல புகார். பெங்களூரு ஆர்.டி.ஓ.வில் ஃபாரம் 26 கொடுத்து டூப்ளிகேட் ஆர்.சி. அப்புறம் ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. கடைசியா இங்கே வரி, டி.என். நம்பர். கர்நாடகாவில் கட்டின ஆயுள் வரியில் மீதியை ரீஃபண்ட் கேட்கலாம்கிறது ஒரு ஆறுதல்!

ஆமா, உங்க வீட்டு வண்டிக்கு பாலிஸி எப்போ முடியுது? இன்னிக்கே பாருங்க பாஸ்!