வருவோரும் தங்குவோரும்

மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களிற் பொறுப்பேற்றது. பாடசாலைகள் கைமாறின, ஆசிரியர் பற்றாக்குறையோ அங்கேயே தங்கிவிட்டது. நான் பத்தாம், பதினோராம் ஆண்டுகளிற் பயின்றபோது கணிதம் கற்பிக்க வந்தோர் மூவர். நல்லாசிரியர்களே, ஆயினும் மூவரும் வெளிமாவட்டத்தவர். வந்த நாள்முதல் இடமாற்றத்தையே எண்ணியிருந்தனர். அவர்களை நான் குறைகூறேன். தங்குவதற்கு விடுதியில்லை, மாலை ஐந்து மணிக்குப் பின் பேருந்துமில்லை, குடும்பமோ தொலைவில்.

அவ்விடத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்கினால் நிலைத்திருப்பர் என்பதைக் கொள்கை வகுத்தோரும் உணராமலில்லை. 2015 அளவில், உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்து இளைஞர்கள் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டனர். எண்ணம் சரியானதே. கொடுப்பனவோ மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000. என் வகுப்புத் தோழியொருத்தியும் அந்நியமனம் பெற்றாள். யாருக்கு உதவியாளர் என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. அப்பாடத்துக்கு வேறு ஆசிரியரே இருக்கவில்லை! கொழும்பிற் கடையொன்றில் வேலைசெய்த தம்பி அனுப்பிய பணமே அவளது பேருந்துக் கட்டணமாயிற்று. பயிற்சி முடித்து ஆசிரியர் சேவையிற் சேரப் பல ஆண்டுகள் சென்றன.

அவ்வாறு சேர்ந்தோரையேனும் பேணினோமா? நெருக்கடி மிகுந்த 2022 இல், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டிறுதியில் ஓய்வு வயதும் 65 இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. திறைசேரியின் சுமையைக் குறைப்பதே நோக்கம். வகுப்பறையின் சுமையை எவரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தோழியின் பாடசாலையிலும் இருவர் சென்றனர். அவள் செல்லவில்லை. அவர்களுடைய பாடவேளைகளையும் சேர்த்து இப்போது அவளே கற்பிக்கிறாள்.