காற்றின் பக்கம் சாய்தல்

காற்று வீசுகிற பக்கம் சாய்கிறவனை நம் மொழி மதிப்பதில்லை. காரியவாதி, முதுகெலும்பில்லாதவன் என்று ஒருவரைச் சொல்ல நினைக்கும்போதுதான் அந்தத் தொடர் நம் நாவில் வருகிறது. எதிர்க்காற்றில் நடக்கிறவனுக்கே வீரன் என்ற பட்டம். பாய்ப்பலகையின் மேல் ஏறி நிற்கப் பழகிய பிறகு இந்தத் தொடரின் மேல் எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. காற்றை எதிர்த்து ஏறப் பொறுமையும் கைவலுவும் போதும். காற்றோடு இறங்குவதற்கு, அதுவும் அது சீராக வீசாமல் அடித்து அடித்து ஓய்கிற நாளில், வேறொரு மனம் வேண்டியிருக்கிறது. அந்த மனத்தின் ஓரத்தைத் தொடவே எங்களுக்கு நான்கு கோடைகள் ஆயின.

விண்ட்சர்ஃபிங் என்னும் இந்த விளையாட்டை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். ஒரு பலகை. அதன் நடுவே எந்தப் பக்கமும் மடங்கக்கூடிய ஒரு மூட்டு. மூட்டின் மேல் பாய்மரமும் பாயும். பாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வளைந்த ஒரு குழாய். சுக்கான் கிடையாது. பாய்மரத்தை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்கு காற்று போகிற பக்கம் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்று வருகிற பக்கம் திரும்பும். கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாய்ல் ஷ்வைட்சர் இருவரும் 1968இல் இத்தகைய பலகைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1984இல் அது ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. ஆனால் நின்றுகொண்டு ஓட்டுகிறவனின் உடம்புதான் பாய்மரத்தைத் தாங்கும் கயிறு என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. படகில் கயிறு அறுந்தால் பாய் விழும். இங்கே மனிதன் தளர்ந்தால் பாய் விழும்.

நாங்கள் நால்வர். போர்ட்லாந்தின் மேற்குப் புறநகரில் கணினியை நம்பிப் பிழைப்பவர்கள். மூவர் காவிரிப் பாசனத்து ஊர்க்காரர்கள். வாய்க்காலில் நீந்தியிருக்கிறோம், ஆனால் பாய் என்றால் எங்களுக்குப் படுக்கிற பாய்தான். கோடையில் சனிக்கிழமைதோறும் கிழக்கே 60 மைலுக்கு மேல் சென்றால் ஹூட் ரிவர் என்ற சிற்றூர். கொலம்பியா ஆறு கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வரும் பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. கோடையில் பசிபிக் கரைப்பக்கம் குளிர்ந்த, கனத்த காற்று தேங்கி நிற்கும். மலைக்குக் கிழக்கே வறண்ட நிலம் வெந்துகொண்டிருக்கும். குளிர்ந்த காற்று கிழக்கே போக, கடல்மட்டத்துக்கு அருகிலேயே மலையைத் திறந்துவிடும் வாசல் அந்தப் பள்ளத்தாக்கு. ஆறு மேற்கே கடலை நோக்கி ஓடும். காற்று கிழக்கே பாயும். இரண்டும் எதிரெதிராக உரசுவதால் ஆற்றில் கடலைப்போல அலை எழும். நம் கரையோர மக்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். இதுவும் மேல்காற்றுதான், ஆனால் செங்குத்துப் பாறைகளில் மோதி, வளைவுகளில் திரும்பி வருவதால் சீராக வராது. மணிக்கு 15 மைலில் வீசிக்கொண்டிருப்பது அடுத்த நிமிடமே 30ஐத் தொடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரையில் நிற்கிறவனுக்கு 20 மைல் காற்று 30 ஆனால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. மணிக்கு 10 மைலில் காற்றோடு நேராகப் போய்க்கொண்டிருப்பவனின் பாயில் படுவது 20 மைல் காற்றல்ல. 20இலிருந்து தன் வேகம் போக மீதமுள்ள 10. காற்று 30 ஆகும் கணத்தில் அந்த 10 என்பது 20 ஆகிறது. அழுத்தம் நான்கு மடங்கு! காற்று 10க்கு இறங்கினாலோ பாயில் எதுவுமே இல்லை, பூஜ்யம். ஒரே காற்றுதான். அதை எதிர்ப்பவனுக்கும் குறுக்கே போகிறவனுக்கும் காட்டாத முகத்தை, கூடவே போகிறவனுக்குக் காட்டுகிறது. போதாததற்கு அது முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. கூடவே ஓடுவதால் ஒவ்வொரு வீச்சும் நம்மைக் கடந்து போக அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தணிவும் அப்படியே.

எங்களில் மூத்தவரை அண்ணன் என்றே அழைப்போம். 2022 ஜூலையில் ஒரு பிற்பகல், இடுப்புக் கச்சையின் கொக்கி பாயோடு மாட்டியிருக்க, பின்னாலிருந்து வந்த ஒரு வீச்சு அவரைக் கவண்கல்லைப்போல முன்னே எறிந்தது. பாய்மரத்தின் மேல் விழுந்ததில் இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆற்றின் குறுக்காக மட்டுமே போய்வந்தார். பலகையின் மூக்கு காற்று போகிற பக்கம் சற்றே திரும்பினாலும் பாயைத் தண்ணீரில் போட்டுவிடுவார். பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வியெண்டோவிலிருந்து ஹூட் ரிவர் வரை காற்றோடு ஒருமுறை இறங்கிவிட்டுப் போகவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியெண்டோ என்றால் ஸ்பானிய மொழியில் காற்று. ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் காற்றால் வரவில்லை. ரயில்பாதைக் காலத்து வில்லார்ட், எண்டிகாட், டோல்மன் என்ற மூவரின் பெயர்களுடைய முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்ததாகச் சொல்கிறார்கள். பெயர் தற்செயலாகவே பொருந்திப் போயிற்று. அங்கிருந்து ஹூட் ரிவர் 7, 8 மைல்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அம்மையார் அறுபதைத் தாண்டியவர். முதல் பாடமே கரையில் நடந்தது. பாயின் அடிக்கயிற்றை நாங்கள் போதும் என்று நினைத்ததற்கு மேலும் இழுத்து இறுக்கச் சொன்னார். அப்போது பாயின் மேல்பகுதியில் பின்விளிம்பு தளர்ந்து தொங்கும். பார்க்க அழகாயிராது. ஆனால் வீச்சு வரும்போது அந்தத் தளர்ந்த பகுதி தானே திறந்து, மிகையான காற்றை வழியவிட்டுவிடும். பாய் ஓர் அளவு சிறியதாக, பலகை ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும் என்பது அடுத்தது. வீச்சைச் சிறிய பாய் தாங்கும். தணிவில் பெரிய பலகை மிதந்து கடக்கும்.

பிறகு உடம்பு. பின்னாலிருந்து இழுப்பு வந்ததும் உடம்பு தானாக மூன்று காரியங்களைச் செய்யப் பார்க்கும். நிமிரும், முழங்கைகளை மடக்கும், பின்கையைத் தளர்த்திப் பாயைத் திறக்கும். மூன்றும் தற்காப்புக்காகத்தான். நிமிர்ந்தவனின் எடை மேலே போய்விடும். திறந்த பாய் ஒரு கணம் வலுவிழக்க, பலகை அலையின் முதுகில் முட்டி வேகம் குறையும். பாய் மறுபடி காற்றைப் பிடிக்கும்போது அந்த முழு இழுப்பும் நிமிர்ந்த உடம்பின் மேல் விழும். கவண் பூட்டப்படுவது இப்படித்தான்.

“காற்று உங்களை எங்கே கொண்டுபோக நினைக்கிறதோ அங்கே, அது கேட்பதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்” என்றார் அம்மையார். செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீச்சு தொடும் கணத்தில் இடுப்பைத் தாழ்த்திப் பின்னே உட்கார்வது. முன்காலை நீட்டி, பின்காலை மடக்குவது. கைகள் நீண்டிருக்க, பாயைத் திறக்காமல் பலகையின் மூக்கைக் காற்றுப் போகிற பக்கம் சில பாகை இறக்கிவிடுவது. பலகை விரையும். விரைந்தால் பாயில் படும் காற்று குறையும். பயந்து பிடித்துக்கொண்டபோது மலையாகக் கனத்த பாய், கூடவே போனதும் கையில் பட்டம்போல் ஆகும். காற்று நேர் முதுகுக்கு வரும் அளவுக்கு இறங்கவேண்டியிருந்தால் கொக்கியை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். கவணோடு கட்டிக்கொண்டு யாரும் போகக்கூடாது.

தணிவு இன்னொரு வகையான சோதனை. காற்றை நம்பிப் பின்னே சாய்ந்திருப்பவனை அது சொல்லாமல் கைவிடும். கொழுகொம்பு முறிந்த கொடியைப்போல மல்லாந்து விழவேண்டியதுதான். பாய் லேசாவதை உணர்ந்ததும் எடையைப் பலகையின் மேல் கொண்டுவந்து நிமிர்ந்து நின்று, மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் ஏற்றவேண்டும். சற்றே குறுக்காகப் போனால் பாயில் மறுபடி காற்று பிறக்கும். வீச்சில் இறங்கு, தணிவில் ஏறு என்பது பாய் கட்டியவர்கள் எல்லாரும் அறிந்த விதி. நாக்குக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இடுப்புக்கு வர வருடங்கள் ஆகும்.

காற்றோடு நேர்க்கோட்டில் போவதைவிட, கரைக்குக் கரை சாய்வாக இறங்கி வளைந்து வளைந்து போவதே நல்லது. ஒவ்வொரு வளைவிலும் பாயைப் பக்கம் மாற்றவேண்டும். இதற்குரிய நேரம் வேகம் அடங்கிய நேரம் என்றே எல்லோருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. பலகை உச்ச வேகத்தில், காற்றுக்குச் சமமாக ஓடும்போதுதான் பாயில் பாரம் இருக்காது. அப்போது அது ஒரு கதவைப்போலத் திரும்பும். தயங்கி வேகத்தை இழந்தபின் திருப்பினால் முழுக்காற்றும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வியெண்டோவில் இறங்கினோம். கோதுமை ஏற்றிய தோணிகளைத் தள்ளிச் செல்லும் இழுவைப் படகுகள் அந்த ஆற்றில் போகும். அவற்றால் சட்டென்று நிற்க முடியாது. ஆகவே ஒருவர் எப்போதும் வழியைப் பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். அண்ணன் நடுவில் வந்தார். முதல் மைலில் மூன்று முறை பாயைத் தண்ணீரில் போட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நடு ஆற்றில் பின்னால் நீர் கருத்துச் சுருங்கி ஒரு வீச்சு வருவது தெரிந்தது. அவரும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் எங்களுக்குப் பெரிதாகப்பட்டது. விழுந்த நாளிலிருந்து அவர் பின்னால் பார்த்ததேயில்லை. பிறகு உட்கார்ந்தார். பலகையின் மூக்கு மெல்ல இறங்கியது. அந்த வீச்சோடு ஏறக்குறைய அரை மைல் போனார். எங்கள் மூவரில் ஒருவராலும் அவரைத் தொடர்ந்து போக முடியவில்லை.

1924இல் கட்டிய ஹூட் ரிவர் பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது மணி ஐந்து. இடையில் அவர் இன்னும் பலமுறை விழுந்தார். ஒருமுறை நன்றாகவே விழுந்து, கொஞ்ச நேரம் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அக்கரைக்குப் போய்ப் பாயைச் சுருட்டும்போது அவர் அதிகம் பேசவில்லை.

“சாய்கிறவன் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான் என்று அந்தச் சொல்லைச் சொன்னவனுக்குத் தெரியாதுடா” என்றார் காரில். வேறெதுவும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய பாய் இப்போது எங்களில் இளையவனிடம் இருக்கிறது. 2022இல் பாய்மரத்தை ஒட்டிக் கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டு இன்னும் தாங்குகிறது. அடிக்கயிற்றை இறுக்கும்போதெல்லாம் அந்த ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டே அவன் ஆற்றில் இறங்குகிறான்.