கயிறு இறுகும் இடம்

பரிசல் பார்க்கத்தான் போனேன். ஜூன் கடைசி வாரம். வயநாட்டில் மழை பிடித்துக்கொண்டது, கபினி அணை நிரம்புகிறது என்ற பேச்சு ஒகேனக்கல் மீன் வறுவல் கடைவரை வந்திருந்தது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீர் கூடினால் பரிசலுக்குத் தடை. அதற்குள் ஓட்டை அடைத்துவிட வேண்டுமென்று பரிசல்களைப் பாறையில் கவிழ்த்துப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தார் நெடிக்கு நடுவே வேறொரு வாடை அடித்தது. புளித்துப்போன பெட்ரோல்.

வாடை வந்த திசையில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்புகள் ஏழெட்டு, கையில் தூக்கிப் போகிற அளவு. மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். பேசிக்கொண்டே வேலை பார்க்கிறவர். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

கீழே நாகமரை, ஒட்டனூர், ஏமனூர் பக்கமிருந்து வந்த எஞ்சின்கள் இவை. மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் வெளியே தெரிகிற வண்டல் தரையில் அங்கே கம்பு, சோளம், நிலக்கடலை போடுகிறார்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க பம்பும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கும். வெள்ளம் வந்தால் எல்லாம் தலைகீழ். 2018 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் வினாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி வந்ததே, அந்த மாதிரி சமயத்தில் ஹோஸைக்கூடச் சுருட்ட நேரமில்லாமல் எஞ்சினை மேட்டுக்குத் தூக்கி வருவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அது மாட்டுக் கொட்டகையில் கிடக்கும்.

"ஆத்துல முழுகின எஞ்சினு எங்கிட்ட வர்றது கம்மிங்க சார். தூக்கி வந்து பத்திரமா வெச்சாங்க பாருங்க, அதுதான் வரும்."

ஒரு கார்புரேட்டரின் பவுலைக் கழற்றினார். உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலுக்குக் காட்டினார். டிகாஷன் நிறம். அடியில் மட்டும் வேறொரு திரவம், தனிப் படலமாக, ஆட்டினால் நழுவியது. இது எத்தனால் செய்கிற வேலை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமாகி, பிறகு எங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காரும். பவுலின் உட்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஜெட்டின் ஓட்டையைப் பழுப்புப் பிசின் அடைத்திருந்தது. குண்டூசியை எடுக்கப் போன உதவிக்காரப் பையனை அதட்டினார். பித்தளை ஜெட்டை இரும்பு குடைந்து பெரிதாக்கிவிடும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கரண்டு ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவிக் கொடுத்தார்.

எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. என் வீட்டுக் களைவெட்டும் எஞ்சினைப் போன வருஷம் டேங்க் நிறையப் பெட்ரோலோடுதான் மூடி வைத்தேன், துரு பிடிக்காதென்று எண்ணி. எத்தனால் கலக்காத அந்தக் காலப் பெட்ரோலுக்கு அது சரியான யோசனை என்பார்கள்.

எஞ்சினை மூடி வைக்குமுன் மெக்கானிக் செய்வது இதற்கு நேர்மாறு. டேங்க்கைக் காலி செய்து, பெட்ரோல் குழாயை மூடி, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுகிறார். அதற்கப்புறமும் பவுலின் அடி நட்டைத் திறக்கிறார். ஒரு ஸ்பூனாவது சொட்டுகிறது. சூடு ஆறுமுன் எஞ்சின் ஆயிலை வடிக்கிறார். கறுத்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அது சும்மா கிடக்கும்போதும் பேரிங்கைத் தின்னும். இந்த 163 சிசி எஞ்சினுக்குப் புது ஆயில் 600 மில்லி போதும். பம்பின் வயிற்றிலிருந்து மணலும் சேறுமாகக் காவிரி கொஞ்சம் கொட்டியது.

கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஏப்ரலில் தன் பனி தள்ளும் மெஷினை கராஜில் ஏற்றுமுன் செய்வதும் அச்சு அசலாக இதுதான். அதுவும் இதே ஜாதி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். அங்கே வெயில் வந்தால் தூங்குகிறது, இங்கே வெள்ளம் வந்தால். மெக்கானிக்கிடம் சொன்னேன். "பனியைத் தள்றதுக்கு எஞ்சினா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் பையன் ஜெட்டைக் கீழே போட்டுவிட்டான். மூன்று பேரும் மண்ணில் தேடினோம்.

கடைசி வேலையை அவர் பையனிடம் விடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுத்தார். பிளக்கை மாட்டினார். மறுபடி இழுத்து, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"நீங்க புடிங்க சார்."

பிடித்தேன். கயிறு லேசாக வந்து, சட்டென்று இறுகியது. பிஸ்டன் மேலேறி அமுக்குகிற இடம். இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே நுழைய வழியில்லை.

"அங்கயே விட்டுடுங்க. இனி யாரும் தொடக்கூடாது."

பையன் உர மூட்டைச் சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினான். எலி கூடு கட்டாமலிருக்க ஃபில்டர் வாயில் ஒரு துணியைச் சுருட்டிச் செருகினான். வெளியே, தார் காயாத பரிசலொன்றை நாலு பேர் தலைமேல் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.