தார் பாலைவனம்: 'தரிசு' என்று எழுதப்பட்ட மேய்ச்சல் காடு

ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சல்மரைத் தாண்டி மணல்மேடுகளைத் தேடிப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் ஏமாற்றம்தான். தேகராய் மாதா கோயில் இருக்கும் பக்கம் போனால் கண்ணில் படுவது கல்லும் புல்லும் கலந்த மேட்டாங்காடு. ஆங்காங்கே வன்னி, இலந்தை, உகா மரங்கள். நம் சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னிதான் அங்கே 'கேஜ்ரி'. தழை ஆட்டுக்கு, காய் சமையலுக்கு. அந்த நிழலில் செம்மறிகளும் ஒட்டகங்களும் ஒதுங்கி நிற்க, தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் ஓடுகின்றன.

இந்தக் காட்டுக்கு 'ஓரண்' என்று பெயர். நம்மூர் கோயில்காடு போல, சாமிக்கு விட்ட நிலம். ஆடு மாடு மேயலாம், காய்ந்து விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம். பச்சை மரத்தில் கோடாலி வைக்கக் கூடாது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத சீமையில் கால்நடைகள் தாக்குப்பிடிப்பது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

சிக்கல் வருவாய்க் கணக்கில் இருக்கிறது. பல ஓரண்கள் அரசுப் பதிவேட்டில் ஓரணாக ஏறவே இல்லை. தேகராய் ஓரணிலும் ஒரு பகுதிதான் பதிவாகியிருக்கிறது. மீதி, அரசுத் தரிசு. மேய்க்கால் புறம்போக்கு எப்படிக் காணாமல் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சூரிய மின்சாரத்துக்கு வேண்டியது வெயிலும் பரந்த நிலமும். பலோடி அருகே உள்ள பட்லா சோலார் பூங்கா மட்டும் சுமார் 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். நம் கமுதியில் இருப்பது 648 மெகாவாட். அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்றால் இப்படிப்பட்ட பூங்காக்கள் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், தரிசு என்ற ஒரே சொல்லை நம்பி இடம் ஒதுக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. பட்டா நிலத்துக்காரருக்குக் குத்தகைப் பணமாவது கிடைக்கும். ஓரணில் தலைமுறையாக மேய்த்தவருக்கு வேலிதான் மிச்சம்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் நுட்பமானது. அந்தப் பகுதியில் 'கடீன்' என்றொரு பழைய விவசாய முறை உண்டு. மேட்டுப் பாறைநிலத்தில் பெய்யும் மழை சரிந்து வந்து தாழ்வான வயலில் தேங்கும். கீழ்ப்பக்கம் மண்கரை போட்டிருப்பார்கள். தண்ணீர் வற்றிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்து, பாசனமே இல்லாமல் அறுத்துவிடுவார்கள். வயல் ஒருவர் பெயரில் இருக்கும். நீர்வரத்துப் பகுதியோ பொதுநிலமாக, கணக்கில் தரிசாக இருக்கும். அங்கே பேனல்களும் சாலைகளும் வந்து வரத்து அடைபட்டால், ஒரு சென்ட் நிலம்கூடப் பறிபோகாமலேயே விவசாயியின் வெள்ளாமை போய்விடும்.

அடுத்த தடை ஒரு பறவை. கானமயில் உலகிலேயே சுமார் 150 அளவில்தான் மிஞ்சியிருக்கிறது, அதில் பெரும்பகுதி ஜெய்சல்மர் பக்கம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே வரும் கம்பி சரியாகத் தெரியாது. உடம்பும் கனம், சட்டென்று திரும்ப முடியாது. மோதினால் சாவுதான். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவைக்கு இந்த இழப்பை ஈடுகட்ட வழியில்லை. அதன் வாழிடத்தில் மின்பாதைகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் அழுத்தப் பாதைகளை அப்படிப் புதைக்க முடியாது, செலவும் தாங்காது என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு, நிபுணர் குழு அமைக்கப்பட்டது.

மரத்துக்காக உயிரைக் கொடுத்த பூமி அது. 1730-ல் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்ட மன்னரின் ஆட்கள் வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற 363 பிஷ்னோய் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்று சோலார் பூங்காவுக்காக வன்னி சாயும்போது பிகானேர் பக்கம் போராட்டம் வெடிப்பதில் ஆச்சர்யமில்லை.

ஓரண்களுக்கு ஒரு பிடி கிடைத்தது, நம் பக்கத்தில் தொடங்கிய வழக்கில். நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளில் மரம் வெட்டியதற்கு எதிராக 1995-ல் போடப்பட்ட கோதவர்மன் வழக்கு, நாடு முழுவதற்குமான காட்டு வழக்காக வளர்ந்தது. அதில்தான் 2024 டிசம்பர் 18 அன்று, ராஜஸ்தானின் ஓரண்களை நேரிலும் செயற்கைக்கோள் மூலமும் அளந்து காடாக அறிவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காத்துவந்த சமூகத்தினரையே காவலர்களாக வைக்கவும் சொன்னது.

ஆனால், ஓரண்களைக் காடாக்கும் பேச்சு எழுந்தபோதே மேய்ச்சல்காரர்களுக்கு இன்னொரு கவலையும் வந்துவிட்டது. கணக்கில் தரிசு என்றிருந்தவரை கம்பெனி வந்தது. காடு என்று மாறினால் வனத்துறை வந்து, ஆட்டை உள்ளே விடாதே என்று சொல்லுமோ?