காலும் வலம்வருதலும்

நீரிழிவுப் புண்ணால் வலக்கால் முழந்தாளின் கீழ் அறுக்கப்பெற்ற அன்பர் ஒருவர், மருத்துவமனையினின்று மனை புக்க நாள்முதல், நாடோறும் ஓதிவந்த திருவங்கமாலையை ஓதாது விடுத்தார். உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்தோதி வழிபாட்டிற் செலுத்தும் அப்பதிகத்தில், கோகரணத்தைச் சூழ்தலைக் காலின் பயனாக வைத்த பாட்டு வருமிடத்து அவர்க்கு நா எழவில்லை. நாற்பதாண்டு வழுவாது திருக்கோயிலை வலம்வந்தவர் அவர். வலம்வாராக் காலைப் பற்றிப் பேசிய பெருமான் காலே இல்லாதானை என் சொல்லுவார் என்பது அவர் வினா.

உடன்பயின்ற முதிய ஓதுவார் ஒருவர் விடை கூறாது, பெரியபுராணத்தை விரித்து, அப்பதிகம் அருளிய நாவரசர் கயிலைக்குச் சென்றவாற்றைப் படித்தார். தாள் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், அதுவும் நைந்தபின் புரண்டும் சென்றவர் அவரேயன்றோ? "ஐயா, காலின் பயன் உரைத்தவரே கால் தேய்ந்து கிடந்தவர்" என்று ஓதுவார் சொல்ல, அன்பர் நெடும்பொழுது வாளா இருந்தார்.

அதன்பின்னரே மருத்துவர் கூறியவற்றிற் கருத்துச் செலுத்தலாயினர். உடம்பு இறைவன் தந்த கருவியாதலின், எஞ்சியதைப் பேணுதலும் சிவபணியே. அறுத்த முனையை நாடோறும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடிப்புறத்தைக் கண்ணாடியிற் பார்த்துச் சிவப்போ புண்ணோ உண்டாவென ஆராய்தல் வேண்டும். நீரிழிவுடையார் மற்றைக் காலையும் அவ்வாறே காத்தல் இன்றியமையாதது. முழந்தாளின் கீழ்த் தலையணை வைத்தல் இதமாயிருப்பினும் ஆகாது. மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். இடுப்பு மூட்டு இறுகாமைப்பொருட்டுச் சிறிதுபொழுது குப்புறக் கிடக்கவும் மருத்துவர் விதித்தனர். அன்பர் அதனை நிலமுற வீழ்ந்து வணங்குதலாக்கிக் கொண்டார்.

இரவில் இல்லாத பெருவிரல் எரிந்தது. வீட்டார் பித்தென்று அஞ்சினர். அஃது உறுப்பிழந்தார் பெரும்பாலார்க்கு உள்ளதே. நரம்பும் மூளையும் பழைய காலை மறவாமையின் நிகழ்வது. உயிர் உடம்பின் வேறாதலைச் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரம் நிறுவும். எனினும் அதனை ஓதிய மாத்திரையான் எரிவு தணியாது, மருத்துவர்க்கு உரைத்தலே தக்கது. விளயனூர் இராமச்சந்திரன் என்னும் அறிஞர் 1990-களிற் கண்ட முறையின்படி, இருகாலிடையே கண்ணாடி நிறுத்தி, உள்ள காலின் நிழலை நோக்கி அதனை அசைத்தலாற் சிலர்க்கு நோவு குறைகின்றது.

செயற்கைக்காலுக்கு 1968-இல் ஜெய்ப்பூரிற் செய்யப்பெற்ற ரப்பர்ப் பாதம் நம்மவர்க்கு ஏற்றது. செருப்பின்றி நடக்கவும், சம்மணமிட்டு அமரவும் அஃது இடந்தரும். அதனையும் செருப்போடொப்பக் கோயில் வாயிலிற் கழற்றச் சொல்வார் உளர். அறியாமை! அஃது அவர்க்குக் காலேயாம்.

உறக்கத்தினின்று எழுவார் கால் உளதென்றெண்ணி ஊன்றி வீழ்தல் இந்நிலையிற் பலர்க்கு நேர்வது. அன்பரும் ஒருமுறை வீழ்ந்தார். அதன்பின் அவர் மைந்தர் கட்டிலினின்று குளியலறைகாறும் மூங்கிற் கைப்பிடி அமைத்தனர். கண்ணில்லாத தண்டியடிகள் திருவாரூர்க் குளங் கல்லுதற்குத் தறி நட்டுக் கட்டிய கயிற்றை நினைந்து, அன்பர் அதனைத் 'தண்டியார் கயிறு' என்றே வழங்குகின்றார். இப்பொழுது உட்பிராகாரத்தை ஒருமுறை, கோலூன்றி, மதிலைத் தொட்டுக்கொண்டு வலம்வருகின்றார். திருவங்கமாலை ஓதுவதும் அப்பொழுதே.