ஓர் எழுத்தின் கனம்

சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிய மாணவர் ஒருவர், 'அன்அம்த' என்பதை 'அன்அம்து' என்றார். உடனே நிறுத்தித் திருத்தினோம். மாறியது ஓர் உயிர்க்குறிதான். ஆனால் 'நீ அருள் புரிந்தாய்' என்பது 'நான் அருள் புரிந்தேன்' என்றாகிவிடும்.

நம் உடலிலும் அல்லாஹ் ஓர் ஏட்டை வைத்திருக்கிறான். நான்கே வகை எழுத்துகளாலான மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் குறிப்பிட்ட ஓரெழுத்து மாறி, அம்மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துசேர்ந்தால், வட்டமான சிவப்பணு அரிவாளாய் வளைகிறது. அந்த ஏட்டைப் படியெடுக்கும் நொதியோ, எழுதும்போதே பிழைகளைத் திருத்திக்கொண்டும் செல்கிறது.

இவற்றைப் பாடமாகச் சொல்லும் நாமே, எம் மஹல்லாவைச் சேர்ந்த வியாபாரி ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை விசாரியாமல் பிறருக்கு அனுப்பினோம். அது பொய். அதற்குள் அவருடைய கடைக்குச் செல்வதைப் பலர் நிறுத்தியிருந்தனர். நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம்; அவர் மன்னித்தார். பரவிய செய்தியையோ எம்மால் திரும்பப் பெற இயலவில்லை.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இடும் கட்டளை. அதை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தோம். நாம் ஓதியது போதவில்லை.