கமுதியில் ஒரு மாலைப் பொழுது

பார்த்திபனூரில் பேருந்து மாறி, அபிராமம் வழியாகக் கமுதிக்குச் செல்வோர் வழிநெடுகக் காண்பவை சீமைக் கருவேலங் காடுகளும், ஆங்காங்கே புகைந்துகொண்டிருக்கும் கரிமூட்டங்களுமே. மழை பொய்க்காத ஆண்டுகளில் மிளகாயும் பருத்தியும் இம்மண்ணுக்கு அழகு சேர்க்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பக்கத்து இருக்கைப் பெரியவர் மிகுந்த பெருமையுடன் எடுத்துரைத்தார். “விலை கிடைத்ததா ஐயா?” என்றேன். அதற்கு அவர் சிரித்ததோடு சரி.

குண்டாற்றங்கரையில் சேதுபதி மன்னர் காலத்துக் கோட்டை சிதைந்து நிற்கிறது. ஊர்ப்புறத்தே 2016-இல் தொடங்கப்பெற்ற 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. இவற்றைக் காண நான் செல்லவில்லை. என் பழைய பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்று அங்கே குடியிருப்பவர், “எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை வாருங்கள் சாமி. பிரசங்கம் வேண்டாம், பார்த்தால் போதும்” என்று அழைத்திருந்தார். பிரசங்கம் வேண்டாம் என்று என்னை அழைத்தவர் அவர் ஒருவரே!

அன்பியக் கூட்டங்களை நம் வாசகர் அறிவர். இவர்கள் மாதம் ஓர் இல்லத்தில் கூடுகின்றனர். செபமாலையும் வேதவாசகமும் முடிந்தபின் ஒரு துணிப்பை கைமாறிச் செல்கிறது. யார் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. 1833-இல் பாரிசு நகரில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய மாணவ நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களிலும் இவ்வாறே பை சுற்றும். ஆசிரியர் அச்சபையில் நெடுநாள் உழைத்தவர். அங்கிருந்தே இப்பழக்கத்தைக் கொண்டுவந்தார்.

அம்மாதத்துத் தேவை, அதே தெருவில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் சிறுநீரக நோய். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். வாரம் இருமுறை மதுரை சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறார். சிகிச்சைச் செலவை அரசின் காப்பீடு ஏற்கிறது. ஆனால் பேருந்துக் கட்டணத்தையும், உடன்செல்லும் மனைவி இழக்கும் இரண்டு நாட் கூலியையும் எந்தக் காப்பீடு ஏற்கும்?

இப்பணி இடையில் ஏறத்தாழ நின்றே போயிற்றாம். காரணம் வறுமையன்று, விருந்து! முதல் வீட்டில் காப்பியும் முறுக்கும். அடுத்த வீட்டில் வடையும் கேசரியும். நான்காம் வீட்டில் பிரியாணி. பையில் விழுந்த தொகையைவிடப் பிரியாணிக்கு ஆன செலவு அதிகம் என்கிறார் ஆசிரியர். அதன்பின் ஏழைக் குடும்பங்கள் தங்கள் முறை வரும் மாதத்தில் ‘ஊருக்குப் போகிறோம்’ என்று கதவைப் பூட்டத் தொடங்கின. ஆகவே பெண்கள் கூடி, கருப்பட்டிக் காப்பியும் சுண்டலும் தவிர வேறெதுவும் கூடாது என்று கட்டளையிட்டனர். (ஆண்களைக் கேட்டிருந்தால் இத்தீர்மானம் நிறைவேறியிராது.)

நான் சென்ற அன்று முறை, கரிமூட்டத்தில் வேலை செய்யும் ஒரு கைம்பெண்ணுடையது. தகரக் கூரையிட்ட ஒற்றை அறை. பத்துப்பேர் அமர இடமில்லை. எனவே வாசல் தெளித்துத் தெருவிலேயே பாய் விரித்திருந்தார். பாய்களில் பாதி, பக்கத்து முகமதியர் வீட்டிலிருந்து வந்தவை.

செபம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் எழுந்து, “நோட்டுப் போட்டுப் பெயர் எழுதினால் வசூல் கூடும்” என்றார். அவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. புதுக்கோட்டை, தஞ்சைச் சீமைகளில் கீரமங்கலம், பேராவூரணி போன்ற ஊர்களில் நடைபெறும் மொய் விருந்துகள் நோட்டின் வலிமையாலேயே பெருந்தொகை திரட்டுகின்றன. ஆயினும் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். 2022-இல் புதுக்கோட்டை மாவட்டத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், பஞ்சத்தில் வாடிய இலங்கை மக்களுக்காகத் தேநீர் மொய் விருந்து நடத்தியபோது அதே வழக்கம் தருமமாக மாறியது. விருதுநகரில் நாடார் பெருமக்கள் வீடுதோறும் பிடியரிசி ஒதுக்கிப் பள்ளிக்கூடம் நடத்தியதும், காமராசர் அப்பள்ளியில் பயின்றதும் நாடறிந்த செய்தி. உலையில் இடுமுன் எடுத்து வைத்த அந்தக் கைப்பிடி அரிசியின்மேல் யார் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் சொல்ல நான் வாயெடுத்தேன். பிரசங்கம் வேண்டாம் என்ற நிபந்தனை நினைவுக்கு வந்தது. அதற்குள் அந்த அம்மாளே பேசிவிட்டார்: “பேரு எழுதினா, நான் பத்து ரூபா போட முடியுமா தம்பி?”

இளைஞர் உட்கார்ந்துவிட்டார். பை சுற்றியது.

எண்ணிய பணத்தை இருவர் நோயாளியின் இல்லத்துக்கு எடுத்துச் சென்றனர். நானும் உடன் சென்றேன். அவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மனைவி உறையை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியற்காலைப் பேருந்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்றார். நாங்கள் திரும்பும்போது வாசல்வரை வந்து, “அடுத்த மாசம் யார் வீட்டுல? பாத்திரம் கழுவ நான் வாரேன்” என்றார்.

இரவுப் பேருந்துக்கு ஆசிரியர் வழியனுப்ப வந்தார். அடுத்த மாதம் பிரியாணி வீட்டாரின் முறையாம். “சுண்டலோடு ஒரே ஒரு வடை வைத்தால் தவறா” என்று இப்போதே ஆள்விட்டுக் கேட்டிருக்கிறார்களாம்.